ஓர் இலை, ஒரு கணு

கன்று எழுப்பும் தேயிலைத் தவறணையில் வெயில் ஏறுமுன்பே துண்டு வெட்டத் தொடங்கிவிட வேண்டும். தாய்ச்செடியிலிருந்து கொண்டுவந்த கிளைகள் வாளித் தண்ணீரில் கிடக்கும். வாடவிட்டால் அன்றைய வேலை வீண். ஒரு கிளையைக் கையில் எடுத்தால் நுனியிலுள்ள பிஞ்சுப் பகுதி ஆகாது, அடியில் சிவந்து முற்றிய பகுதியும் ஆகாது. நடுவில், பச்சை மாறாமல், வளைத்தால் கொஞ்சம் விறைப்புக் காட்டும் பகுதிதான் வேண்டும். அதில் ஒவ்வோர் இலைக்கும் மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. மேல்வெட்டு இலைக்கக்கத்து மொட்டுக்குச் சற்று மேலாக, இலை சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு இணங்கச் சரிவாக விழ வேண்டும். மொட்டில் கத்தி பட்டுவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். கீழே ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான தண்டு. கத்தி மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கும், நசுங்கிய இடம் அழுகும்.

மிஞ்சுவது ஓர் இலை, ஒரு கணு, ஒரு மொட்டு. வேர் கிடையாது. இதை மண் நிரப்பிய பொலித்தீன் பையில், இலை மண்ணில் படாமல் நட்டு, நிழல் போட்டு, ஈரம் காத்தால் சில வாரங்களில் வெட்டுவாயில் வெண்ணிறமாக ஒரு திரட்சி வரும். காயம் ஆறும்போது தோல் தடிப்பதுபோன்ற திரட்சி. அதற்குப் பிறகுதான் வேர். பத்துப் பன்னிரண்டு மாதத்தில் மலைக்குப் போகத் தயாரான கன்று.

அந்த வெண்ணிறத் திரட்சிக்குத் தாவரவியலில் காலஸ் என்று பெயர். இலங்கைப் பாடநூல்கள் இழைய வளர்ப்பு என்றும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திசு வளர்ப்பு என்றும் சொல்லும் கலையின் முக்கியப் பொருள்களில் ஒன்றும் அதுவே. ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குப்பிக்குள், கிருமி நீக்கிய ஊடகத்தின்மேல், வெள்ளை அங்கி போட்டவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்து வளர்க்கும் காலஸை, இலங்கை மலையகத்தின் தலவாக்கலைப் பக்கத்துப் பெண்கள் பல பத்தாண்டுகளாகச் சிவப்பு மண்ணுக்குள் லட்சக்கணக்கில் வளர்த்திருக்கிறார்கள். இரண்டு வேலைகளும் ஒரே மலையில் சந்தித்துக்கொண்ட கதை அதிகம் எழுதப்படவில்லை.

தேயிலை இந்த மலைக்கு விதையாகத்தான் வந்தது. 1824இல் சீனத்துச் செடியொன்று பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. 1839இல் அசாம் இனத்து விதைகள் கல்கத்தாவிலிருந்து வந்தன. அவை காட்சிப் பொருள்களாகவே நின்றன. காப்பி செழித்த காலம் அது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இரண்டே ஆண்டில், 1869இல், மடுல்சீமைப் பக்கத்துக் காப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் தெரிந்தது. இலைத்துரு நோய். அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் காப்பி அடியோடு சாய்ந்தது. தோட்டத் துரைமார் அவசர அவசரமாகத் தேயிலைக்கு மாறினார்கள். ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ஏறிவந்தபோது மலைகள் தேயிலைப் பச்சைக்கு மாறிக்கொண்டிருந்தன.

அந்தத் தேயிலை முழுவதும் விதைத் தேயிலை. விதையைத் தண்ணீரில் போடுவார்கள். மூழ்கியது நல்லது, மிதந்தது கழிவு. தேர்வு அவ்வளவுதான். தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அடுத்த செடியின் மகரந்தத்தைத்தான் ஏற்கும். அதனால் பத்துப் பிள்ளை பெற்ற வீட்டில் பத்தும் பத்து விதமாக இருப்பதுபோல, ஒரு மரத்து விதைகளில் முளைத்த செடிகளும் ஒன்றுபோல் ஒன்று இராது. ஒன்று பெரிய இலை விடும், ஒன்று சிற்றிலை; ஒன்று வாரம் தவறாமல் கொழுந்து தரும், பக்கத்துச் செடி சும்மா நிற்கும். பழைய விதைத் தேயிலை மலையில் இன்றும் இதைப் பார்க்கலாம். எந்தச் செடி தரும், எது தராது என்று முதலில் தெரிந்துகொண்டவை நிச்சயமாகக் கொழுந்தெடுத்த கைகள்தாம். அந்த அறிவை யாரும் கேட்டுக் குறித்துவைக்கவில்லை என்பது வேறு கதை.

1925இல் ஒரு சட்டத்தின்வழி தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் உருவானது. நுவரெலியாவில் வாடகைக் கட்டடத்தில் தொடங்கி, 1920களின் இறுதியில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் சென் கூம்ஸ் தோட்டத்துக்கு இடம் மாறியது. ஏறத்தாழ 1,380 மீட்டர் உயரம். முதல் இயக்குநர் தோமஸ் பெட்ச், பேராதனையில் நெடுங்காலம் பூஞ்சண ஆய்வு செய்தவர். காப்பியைப் பூஞ்சணம் தின்றுதீர்த்த நாட்டில் தேயிலைக்குக் காவலாகப் பூஞ்சண நிபுணரை வைத்தது பொருத்தமாகவே படுகிறது. 1928இல் நிறுவகம் ‘டீ குவாட்டர்லி’ என்ற காலாண்டிதழைத் தொடங்கியது. துரைமாருக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த இதழ் அது.

1930களில் அங்கே தாவர உடற்றொழிலியல் பார்த்தவர் எஃப். ஆர். டப்ஸ். நல்ல செடியின் துண்டிலிருந்தே புதிய செடி எழுப்ப முடியுமா என்பது அவர் கையிலெடுத்த கேள்விகளில் ஒன்று. ரோசாவுக்கும் செம்பருத்திக்கும் பதியன் போடத் தெரியாத தமிழ் வீடு கிடையாது. ஆனால் தேயிலைத் துண்டு எளிதில் வேர்விடுவதில்லை. எந்த வயதுக் கிளை, எவ்வளவு தண்டு, எத்தனை இலை, என்ன மண், எவ்வளவு நிழல் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டியிருந்தது. கடைசியில் நிலைத்தது ஓர் இலை, ஒரு கணு என்ற மிகச் சிக்கனமான முறை. ஒரு நீளக் கிளையை அப்படியே நட்டால் ஒரு செடி. கணுக் கணுவாக நறுக்கினால் ஆறு, ஏழு செடி. டப்ஸ் பின்னாளில் இங்கிலாந்தின் ஈஸ்ட் மோலிங் பழ ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநராகப் போனார்.

அதே ஆண்டுகளில் உலகின் வேறு மூலைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் சுவாரசியம். 1902இல் கொட்லீப் ஹாபர்லாண்ட் என்ற தாவரவியலாளர், தனிக் கலம் ஒன்றுக்கு ஊட்டம் கொடுத்து வளர்த்தால் அதிலிருந்து முழுச் செடியே எழக்கூடும் என்று எழுதிவைத்தார். அவர் வளர்த்த கலங்கள் உயிரோடு இருந்தன, ஆனால் ஒன்றுகூடப் பிரியவில்லை. 1934இல் அமெரிக்காவில் பிலிப் வைட் தக்காளி வேர் நுனியைக் குப்பியில் ஓயாமல் வளர வைத்தார். 1939இல் வைட்டும் பிரான்சில் கோத்ரேயும் நொபெகூரும் தனித்தனியே காலஸை வரம்பின்றி வளர்த்துக் காட்டினார்கள். அதாவது, வெட்டுவாயில் வரும் திரட்சியைக் குப்பிக்குள் எப்படி உயிரோடு வைத்திருப்பது என்று மேற்கில் மூன்று பேர் கண்டுபிடித்த அதே பத்தாண்டில், அந்தத் திரட்சியிலிருந்து வேரை எப்படி இழுப்பது என்று சென் கூம்ஸில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேரை இழுப்பதில் மண்தான் முதல் எதிரி. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். தவறணை மண்ணின் பீஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்குமேல் போனால் விசித்திரமான ஒன்று நடக்கும். துண்டு சாகாது, இலையும் பச்சையாகவே இருக்கும். பிடுங்கிப் பார்த்தால் அடியில் காலஸ் மட்டும் சுண்டைக்காய் மாதிரி திரண்டிருக்கும், ஒரு வேர்கூட இராது. மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றியது வீண். இதற்காகத்தான் மண்ணில் அலுமினியம் சல்பேட் கலந்து புளிப்பேற்றும் வழக்கம் வந்தது.

குப்பிக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதே வழக்குத்தான். 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற இருவர் புகையிலை இழையத்தை வைத்து ஒரு கணக்கைக் காட்டினார்கள். ஒக்சின் என்ற ஓமோன் கூடினால் வேர். சைற்றோகைனின் கூடினால் தளிர். இரண்டும் ஒத்துநின்றால் வெறும் காலஸ், உருவமில்லாத திரட்சி. 1962இல் முராஷிகேயும் ஸ்கூக்கும் வெளியிட்ட ஊட்டக் கலவைதான் இன்றுவரை உலகத்து இழைய வளர்ப்புக் கூடங்களின் சமையற்குறிப்பு. லீட்டருக்கு 30 கிராம் சீனி, உப்புகள் ஒரு வரிசை, கொஞ்சம் உயிர்ச்சத்து, இறுக்குவதற்கு ஏகார். இதற்கு நாலு ஆண்டு முன்பு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் கரட் கலங்களிலிருந்து முழுச் செடியை எழுப்பியபோது, ஊடகத்தில் ஊற்றியது தேங்காய்க்குள் இருக்கும் தண்ணீர். ஹாபர்லாண்டின் கனவு பலித்ததில் நம்மூர் மரத்துக்கும் பங்கு உண்டு.

தேயிலைத் தவறணை அதற்குள் பெருந்தொழிலாகிவிட்டது. அசாமின் டொக்லாய் நிலையம் 1949இல் டீ.வி. 1 முதலான குளோன்களை, அதாவது ஒரே தாய்ச்செடியின் அச்சான வகைகளை, வெளியிட்டது. தலவாக்கலையிலிருந்து 2020 வரிசை வந்தது: 2023, 2024, 2025, 2026 என்று எண்ணாலேயே பெயர். இந்தோசீனத்திலிருந்து வந்த விதையின் வழி 777 வந்தது. 1958இல் விசரும் கெல்லும் ‘டீ குவாட்டர்லி’யில் தேர்வும் துண்டுநடவும் பற்றி எழுதிய கட்டுரை அந்தக் காலத்து அனுபவத்தின் திரட்டு. தோட்டத்தில் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்: ‘வீ.பி.’. வெஜிட்டேட்டிவ் புரொப்பகேஷன் என்ற நீளப் பெயரின் தலையெழுத்துகள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ‘இன்றைக்கு வீ.பி. மலையில் வேலை’ என்றால் கொழுந்து நிறையும் என்று பொருள்.

ஒரு வீ.பி. மலைக்கு எத்தனை கை வேலை வேண்டும்? நாலடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 5,445 கன்று. நூறு ஏக்கரை மீள்நடுகை செய்ய ஐந்தரை லட்சம் கன்றுக்குக் கிட்ட. பட்டுப்போவதையும் சேர்த்தால் துண்டு இன்னும் கூடுதல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பை மண் சலித்து, நிரப்பி, அடுக்க வேண்டும். நிழலுக்குக் கெகில்ல என்று சிங்களத்தில் சொல்லும் பன்னம் வெட்டிவந்து குத்த வேண்டும், கன்று தலையெடுக்கையில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டும். நடப்போகும் மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கி, மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ போட்டு, ஒன்றரை, இரண்டு ஆண்டு மண்ணை ஆறவைக்க வேண்டும். செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்கு ஆண்கள், கொழுந்துக்குப் பெண்கள் என்று பிரித்த தோட்டத்தில், தவறணையின் நுணுக்க வேலை பெரும்பாலும் பெண்களின் கையிலேயே விழுந்தது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு அனுப்பும் வேலைகளில் அதுவும் ஒன்று. பேர் விழும், சம்பளம் விழும், கைத்திறனுக்கென்று தனிப் பெயர் எதுவும் கிடையாது.

இந்த மீள்நடுகை வேகமெடுத்த காலத்தைக் கவனிக்க வேண்டும். 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. தாய்ச்செடி அச்சாகத் தன்னையே லட்சமாகப் பெருக்கி மலையில் வேரூன்றிக்கொண்டிருக்க, அதை நட்டவர்களின் பெயர்கள் கப்பல் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தன. எழுதுகிறவர் வலிந்து உண்டாக்கிய முரண் அல்ல இது. ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தானாகத் தெரிவது. அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினருக்காகத்தான் தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் அது டான்டீ என்ற கழகமானது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் காட்டை வெட்டித் தேயிலையாக்கியவர்களில் ஹட்டனையும் தலவாக்கலையையும் ஊர் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அங்கே தவறணைக்கு நாற்றங்கால் என்று பெயர். கைக்கு இரண்டும் ஒன்று.

தலவாக்கலைக்கு இழைய வளர்ப்பு வந்தது 1980களில். நிறுவகத்தின் ஆய்விதழில் 1986இல் பி. வி. அருள்பிரகாசமும் ஆர். லத்தீபும் தேயிலைத் தளிர்களைக் குப்பியில் பெருக்கும் முறையை எழுதினார்கள். 1988இல் வித்திலையின் காலஸிலிருந்து செடி எழுப்பியதும், தண்டு, இலைக் காலஸிலிருந்து முளையம்போன்ற உருக்கள் தோன்றியதும் அடுத்தடுத்து வந்தன. அதே 1986இல்தான் சிவபாலன், குலசேகரம், கதிரவேற்பிள்ளை மூவரும் பதிப்பித்த தேயிலைக் கைநூலும் நிறுவகத்திலிருந்து வெளிவந்தது. பை நிரப்புவது முதல் கவ்வாத்துவரை தோட்டத்துக்கு வேண்டியதெல்லாம் சொன்ன நூல். தவறணை தன் முழு வளர்ச்சியை எட்டி நூலாக அச்சேறிய ஆண்டும், குப்பி கண்திறந்த ஆண்டும் ஒன்றாக அமைந்தது.

குப்பி வேலையை ஒருவர் கற்றுக்கொள்வது எப்படி? புத்தகத்தில் இரண்டு பக்கம், கையில் ஆறு மாதம். முதலில் ஊடகம் காய்ச்ச வேண்டும். பீஎச் 5.7, 5.8க்கு வந்ததா என்று பார்த்து, குப்பிகளில் ஊற்றி, ஒட்டோகிளேவில் 121 பாகை வெப்பத்தில் பதினைந்து, இருபது நிமிடம் வேகவைக்க வேண்டும். வீட்டுப் பிரஷர் குக்கர் எந்த விதியில் வேலை செய்கிறதோ அதே விதி. தளிர்த்துண்டை ஓடும் தண்ணீரில் கழுவி, மதுசாரத்தில் சில விநாடி முக்கி, வெளிறாக்கும் கரைசலில் நிமிடக் கணக்கில் ஊறவைத்து, கிருமி நீக்கிய நீரில் மூன்றுமுறை அலச வேண்டும். நேரம் குறைந்தால் பூஞ்சணம் பிழைக்கும், கூடினால் தளிரே செத்துவிடும். பிறகு சுத்தக் காற்று வீசும் மேசைமுன் உட்கார்ந்து, இடுக்கியையும் கத்தியையும் தீயில் காட்டி, ஆறவிட்டு, வெட்டி, குப்பி வாயைத் தீயோரம் சாய்த்துத் திறந்து, உள்ளே நிறுத்தி மூட வேண்டும். திறந்த குப்பியின்மேல் கை குறுக்கே போகக் கூடாது. பேசக் கூடாது. சூடு ஆறாத கத்தி பட்டால் தண்டு வெந்துவிடும்.

மூன்றாம் நாள்தான் தீர்ப்பு வரும். பஞ்சுபோல் வெள்ளையாகப் படர்ந்தால் பூஞ்சணம், பால் சிந்தியதுபோல் மங்கலாகப் பரவினால் பற்றீரியா. புதிதாகக் கற்பவரின் முதல் அடுக்குக் குப்பிகளில் பாதி இப்படிப் போவது எந்தக் கூடத்திலும் சாதாரணம்.

தேயிலைக்கு இதற்குமேலும் ஒரு வில்லங்கம் உண்டு. துண்டை ஊடகத்தில் வைத்த சில மணி நேரத்தில் வெட்டுவாயைச் சுற்றிப் பழுப்புநிறம் கசியும். ஏகார் தேநீர் நிறமாகும். துண்டு தன் சாற்றிலேயே நஞ்சேறிச் சாகும். காரணம் பொலிபீனோல். தேயிலைக் கொழுந்தின் உலர் எடையில் கால் பங்குக்கும்மேல் இருக்கும் பொருள். கொழுந்து காயம்பட்டதும் அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து பழுப்பாகும். தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, ரோலரில் போட்டுக் கசக்கி, பரப்பிவைப்பது இதே மாற்றத்துக்காகத்தான். டீமேக்கர் மோந்துபார்த்து இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று காத்திருக்கும் நிறத்தை, ஆய்வுகூடத்துக்காரர் கண்டால் பதறுவார். தேயிலையைத் தேயிலை ஆக்குவதெதுவோ அதுவே குப்பியில் அதன் சத்துரு. அஸ்கோபிக் அமிலம், கரித்தூள், சில நாள் இருட்டு, அடிக்கடி புது ஊடகத்துக்கு மாற்றுவது என்று பல கைமருந்துகளை உலகத்துத் தேயிலை ஆய்வாளர்கள் கையாண்டிருக்கிறார்கள். மாற்றும் ஒவ்வொரு தடவையும் கை வேலை, ஒவ்வொரு தடவையும் கிருமி நுழைய வாய்ப்பு.

கணக்கில் பார்த்தால் குப்பிதான் வெல்ல வேண்டும். ஆறு வாரத்துக்கொரு முறை ஒரு தளிர் மூன்றாகிறது என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆண்டுக்குள் எட்டுச் சுற்று, ஒன்று 6,561 ஆகும். ஆனால் மலையில் நிற்கும் தேயிலை குப்பியிலிருந்து வந்ததல்ல, தவறணையிலிருந்து வந்தது. மின்சாரம், கண்ணாடி, இரசாயனம், பயிற்சி பெற்ற ஆள் எல்லாவற்றுக்கும் செலவு போட்டால், பன்ன நிழலில் வளர்ந்த கன்றின் விலைக்குக் குப்பிக் கன்று கிட்ட வர முடியாது. தவிர, குப்பியில் பிறந்த கன்று செல்லப்பிள்ளை. நூறு வீத ஈரப்பதத்தில் சீனி தின்று வளர்ந்தது. இலையில் மெழுகுப்பூச்சு சரியாக இராது, இலைத்துளை மூடப் பழகியிராது. வெளியே எடுத்தால் அரைநாளில் வாடும். அதைப் பையில் நட்டு, நிழலில் வைத்து, ஈரம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். அதாவது, தவறணைக்கே வர வேண்டும். புதிய இனம் உருவாக்குவோருக்கும், அரிய வகையைக் காப்போருக்கும், மரபணு ஆய்வுக்கும் குப்பி வேண்டியதுதான். தோட்டத்தை நிரப்ப அது வேண்டியிருக்கவில்லை. இது தோல்வியல்ல. கத்தியும் பையும் ஏற்கெனவே அவ்வளவு நன்றாக வேலை செய்தன.

இதே மாவட்டத்தில் குப்பி வென்ற இடமும் உண்டு. நுவரெலியாவிலிருந்து ஹக்கலை போகும் வழியில் சீதாஎலிய விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பயிர் உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கைக் கிழங்காலேயே பெருக்குவதால் தாயின் வைரஸ் பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கிக்கொண்டே போகும். விளைச்சல் ஆண்டுக்காண்டு குறையும். 1952இல் பிரான்சில் மோரேலும் மார்ட்டினும் டேலியாச் செடியின் நுனிக்குருத்தைக் குண்டூசி முனையளவு வெட்டிக் குப்பியில் வளர்த்தால் வைரஸ் நீங்கிய செடி வருகிறது என்று காட்டினார்கள். உருளைக்கிழங்குக்கு அது உயிர்நாடியானது. சீதாஎலியவில் விதைக்கிழங்கின் தொடக்கம் குப்பிக்குள்ளிருக்கும் நாற்றே. தமிழ்நாட்டு விவசாயிக்கு ‘திசு வாழை’ என்ற சொல் ‘யூரியா’ அளவுக்குப் பழகிவிட்டதும் இதே காரணத்தால். நோயற்ற, ஒரே நேரத்தில் குலைதள்ளும் கன்று வேண்டியிருந்தது. கிழங்குக் கன்றால் அது முடியவில்லை. தேயிலைக்கு அந்த நெருக்கடி வரவில்லை.

வியட்நாமின் டாலாட் மலையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நுவரெலியாவைப் போலவே குளிர், நுவரெலியாவைப் போலவே மரக்கறி. 1980களின் தொடக்கத்தில் அங்கே சில விவசாயக் குடும்பங்கள் வீட்டு அறையிலேயே உருளைக்கிழங்கு நாற்றைக் குப்பியில் வளர்த்து விற்றன. பெரிய பட்டம் கிடையாது, பளபளக்கும் கருவி கிடையாது. சுத்தமான பழக்கமும் பதமான கையும் இருந்தன. 1983இல் அது ஆய்விதழில் வெளியாகி உலகத்தை வியக்க வைத்தது. தினமும் ஆயிரக்கணக்கில் ஒரே அளவாகத் துண்டு வெட்டத் தெரிந்த கைகள் நிறைந்த நம் மலையில் அது ஏன் நடக்கவில்லை என்று கேட்பது நியாயமான கேள்வி.

விடை விஞ்ஞானத்தில் இல்லை. டாலாட் விவசாயிக்கு வேலை செய்யத் தன் வீட்டு அறை இருந்தது. இங்கே லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், தவறணையும் தோட்டத்துக்குச் சொந்தம். பாடசாலையோ நெடுங்காலம் ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒற்றை மண்டபம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, அதன்பிறகே தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும், அதற்கான ஆய்வுகூடமும், ஆசிரியரும் உள்ள பாடசாலை ஹட்டன், நுவரெலியா போன்ற நகரங்களை அண்டியே அமைந்தது. ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புக்குக் கீழே தமிழ்ப் பெயர்கள் இருந்த காலத்திலும், சென் கூம்ஸ் லயத்திலிருந்து சென் கூம்ஸ் ஆய்வுகூடத்துக்குப் போகும் பாதை, நடந்தால் சில நிமிடம், படித்துப் போனால் மூன்று தலைமுறை.

கல வளர்ப்பு இன்று செடியோடு நிற்கவில்லை. 1975இல் ரைன்வால்டும் கிறீனும் மனிதத் தோல் கலங்களை ஆய்வுகூடத்தில் அடுக்காக வளர்க்கும் வழியைக் காட்டிய பிறகு, தீக்காயம் பட்டவருக்கு அவருடைய தோலையே வளர்த்து ஒட்டும் காலம் வந்தது. இழையப் பொறியியல் என்பது இப்போது மருத்துவப் பீடங்களில் தனித் துறை. அதற்குள் நுழைகிறவருக்கும் முதல் பாடம் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் இருப்பதுதான்: சரியான வயதுடைய இழையத்தைத் தேர்ந்தெடு, நசுக்காமல் வெட்டு, காயவிடாதே, அழுகவிடாதே, காத்திரு. கையுறையும் மேசையும் வேறு.

மலையகத்து உயர்தர மாணவர்கள் இப்போது உயிரியல் நூலில் இழைய வளர்ப்பைப் படிக்கிறார்கள். அந்தப் பாடம் நடக்கும் வாரத்தில் ஆசிரியர் அவர்களைப் பக்கத்துத் தவறணைக்கு ஒருமுறை அழைத்துப்போகலாம். ஒரு துண்டைப் பிடுங்கிக் காலஸைக் காட்டலாம். குப்பி இல்லாத பாடசாலைக்கும் இது முடியும். வீட்டில் தவறணையில் வேலை பார்த்த பாட்டியோ அத்தையோ இருந்தால், எந்தக் கிளையைத் தள்ளினார்கள், எதை வைத்துத் தள்ளினார்கள், எந்த மண்ணை மோந்துபார்த்தே வேண்டாம் என்றார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி, பெயரும் தோட்டமும் ஆண்டும் போட்டு வையுங்கள். வீ.பி. பற்றி ‘டீ குவாட்டர்லி’யில் எழுதியவர்களின் பெயர்கள் அச்சில் இருக்கின்றன, துண்டு வெட்டியவர்களின் பெயர்கள் சம்பளக் கணக்கான செக்ரோல் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தன.